கறுப்பு ஒயரின் மறுமுனை

சாதிக், நீ பாதியில் விட்டுப்போன பொட்டியைப் பற்றித்தான்டா எழுதுகிறேன்.

வயரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிக்கணும். நான் எட்டாவதோடு நின்றவன். உத்திரமேரூரில் சாதிக்கும் நானும் கோயில், தர்கா எல்லாவற்றுக்கும் திருவிழா லைட் கட்டுவோம். வேலை இல்லாத நாளில் அவன் ப்ளைவுட்டும் பழைய டிவியும் வைத்து, இரண்டு பேர் நின்று ஆடுகிற கேம் பொட்டி செய்தான். முடிப்பதற்குள் பைக் விபத்தில் போய்விட்டான்.

வீட்டில் அவனுக்காகப் பாத்தியா ஓதி முடிந்ததும் அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"முருகா, இத்த பாத்தா எனக்கு சோறு எறங்கல. நாளைக்கு பழைய சாமான்காரன் வரான். தூக்கிக் குடுத்துடறேன்."

"இன்னைக்கு ஒரு நாள் வுடும்மா. ஓட வெச்சிடறேன்."

"ஓடலன்னா?"

"நானே வண்டில ஏத்தி வுடறேன்."

சுவிட்சைப் போட்டேன். முதல் ஆள் பக்கத்துப் பட்டன் எல்லாம் வேலை செய்தன. அது அவன் பக்கம். இரண்டாவது ஆள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அது என் பக்கம். பட்டன் ஒயரெல்லாம் வந்து சேர்கிற போர்டு போய்விட்டதோ என்று இரண்டு பக்கத்து ஒயர்களையும் மாற்றிச் சொருகிப் பார்த்தேன். போர்டு நன்றாகவே இருந்தது.

இதில் பட்டனுக்கு இரண்டு ஒயர். ஒன்று தனியாக போர்டுக்குப் போகும். இன்னொன்று கறுப்பு, அதுதான் கிரவுண்டு, எல்லாப் பட்டனுக்கும் பொது. போர்டில் கிளம்பி, பட்டனுக்குப் பட்டன் தாவிப் போகும். நடுவில் ஒரு கிளிப் விட்டாலும் அதற்கு அப்புறம் எல்லாம் செத்துவிடும்.

என் பக்கத்துக் கடைசிப் பட்டனில் ஒரு கறுப்பு ஒயர் நீளமாகத் தொங்கியது, முனையில் டேப் சுற்றி. மிச்சம் என்று கட்டரை வைத்தேன். கை நின்றுவிட்டது. சாதிக் ஒரு சாண் ஒயரை வீணாக்க மாட்டான். தேரடியில் லைட் கட்டும்போது எப்போதும் திட்டுவான்:

"டேய் சோம்பேறி, கடசிலருந்தும் திருப்பிக் கொணாந்து குடுடா. ஒரு பக்கம் புட்டுக்கினா இன்னொரு பக்கம் தாங்கும்."

முனையைச் சீவி, போர்டின் கிரவுண்டிலேயே கொண்டுவந்து முறுக்கினேன். என் பக்கம் உயிர் வந்தது. பிறகு கிளிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, லூசாக இருந்ததை இறுக்கினேன்.

அம்மா வந்து அவன் பக்கம் நின்றார்.

"எத்தடா அமுக்கணும்?"

"செவப்பும்மா."

அமுக்கினார். டிவியில் பொம்மை குதித்தது. இன்னொரு தடவை அமுக்கினார்.

"சாமான்காரன் வந்தா வூட்ல ஆளில்லன்னு சொல்லிடு" என்றார்.

கிரவுண்டை ஒரு முனையோடு விடாதீர்கள். இன்னொருவர் விட்ட வேலையில் ஒயர் தொங்கினால், அவர் கையை நினைத்துப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

சாதிக்குக்காக எல்லோரும் துவா கேளுங்கள். துவா தெரியாதவர்கள், என்னைப்போல, உங்கள் சாமியிடம் அவன் பெயரைச் சொல்லுங்கள்.