விண் கட்டிய பட்டம்

பெருமையடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளிலும் இருந்த அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பங்கர்க் குழிக்குள் இறக்கியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சண்டை நடந்த காலம், இரணைமடுவுக்குக் கிட்ட இருந்தோம்.

நானும் தம்பியும் கட்டிய பட்டம் அது. கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் இல்லை. அம்மாவின் விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கு, அப்பா வாசித்து முடித்த பேப்பர், பசைக்குப் பானையடிச் சோறு, வாலுக்கு அப்பா உடுத்துக் கிழிந்த சாரம். உரப்பையின் வாயைத் தைத்திருந்த நூலைப் பிரித்து முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டோம். ஆனால் பறந்தால் மட்டும் எனக்குப் போதாது, கூவவும் வேண்டும். அதற்குத்தான் விண். உடைந்த கூடையின் மூங்கில் சிலாகையை வில்லாக வளைத்து, உரப்பையில் உரித்த நாரை அதில் விறைப்பாகக் கட்டிப் பட்டத்தின் தலையில் வைத்தால் காற்றுப் பட்டு அதிரும். மூன்று நாள் நார் மாற்றி மாற்றிக் கட்டியும் அது மூச்சுக் காட்டவில்லை. நாலாம் நாள் பின்னேரம் 'ங்ங்...' என்று பிடித்தது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நூலை வேலிக் கதியாலில் கட்டிவிட்டு இரண்டு பேரும் குதித்தோம்.

அம்மா குசினியில் அடுப்பை விட்டுப் பறந்துவந்து எங்களைப் பிடரியில் பிடித்துப் பங்கருக்குள் தள்ளினார். "வண்டு வந்திட்டுது" என்று அயலெல்லாம் ஓடியது. ஆளில்லாத வேவு விமானத்தைத்தான் வண்டு என்போம். அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால், பின்னால் குண்டு போட வருவார்கள். உள்ளே இருந்து கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது, மேலே கூவுவது எங்கள் பட்டம். தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டேன். காற்று விழும்வரை அரைமணித்தியாலம், ஊரே மூச்சடக்கி என் விண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால் பட்டம் வேலியில் கிடந்தது. முதலில் அப்பா சிரித்தார், பிறகு ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அடிக்கவுமில்லை. விண்ணை அறுத்து அடுப்பில் போட்டுவிட்டுப் பட்டத்தைக் குசினிச் சுவரில் கொழுவினார்.

"பட்டத்தை ஏத்து, ஆர் வேண்டாமெண்டது? உந்தச் சத்தம் வேண்டாம்."

பொல்லாத அம்மா என்று அழுது, சோறும் வேண்டாமென்று கிடந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் மேலே அதே சத்தம். அப்பா கதிரையை விட்டு அசையவில்லை.

"அது எங்கட பிள்ளையளின்ர பட்டமெல்லோ" என்றார்.

"பட்டம் குசினிக்குள்ள கிடக்குது. எழும்புங்கோ" என்று அம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

பங்கருக்குள் அம்மா எங்களை உள்மூலைக்குத் தள்ளிவிட்டு வாசலை மறித்துக்கொண்டு இருந்தார். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோசம். அப்பாவே ஏமாறும் அளவுக்கு விண் கட்டியிருக்கிறேன் என்று தம்பியின் காதுக்குள் சொல்லிச் சிரித்தேன்.