காதர் பாயின் பதினான்கு காலைகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. என் கண் முன்னாலேயே காதர் பாய் ஒரு மருந்து டப்பாவைக் குப்பைத்தொட்டியில் எறிந்தார்.

"மூணு நாளாப் போடுறேன் தம்பி. ஒண்ணும் கேக்கல. சும்மா ஏமாத்து வேலை லா."

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் ஆறே மேஜை போட்டு பிரியாணிக் கடை நடத்துகிறவர் பாய். தோ பாயோவில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் நான் அங்கே சாப்பிட ஆரம்பித்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

அந்த மனிதர் தன் பிரியாணியைத் தானே சாப்பிட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வாய் வைத்தால் போதும் – நெஞ்சுக்குழியில் தீ. தொண்டை வரை புளிப்பு. சட்டைப்பையில் எப்போதும் சப்புகிற மாத்திரை. சப்பினால் ஒரு மணி நேரம் நிம்மதி... பிறகு பழையபடி எரிச்சல். மதியச் சாப்பாடு வெறும் ரொட்டியும் வெந்நீரும்தான்.

சாப்பிடாவிட்டால் போகிறது என்கிறீர்களா? சமைக்கிறவர் ருசி பார்க்க முடியாவிட்டால் கடை என்ன ஆவது? அந்தப் பொறுப்பு அவர் மனைவி நூர்ஜஹான் அக்காவிடம் போனது. அக்கா தினமும் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, உப்பு, காரம் தானே சேர்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுவார். ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எனக்கும் ஏதோ குறைவதாகத்தான் தோன்றியது. சொல்ல மனம் வரவில்லை.

குப்பைத்தொட்டியிலிருந்து டப்பாவை எடுத்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை யாரும் பிரிக்கவே இல்லை. நெஞ்செரிச்சலுக்கென்று மருமகன் வாங்கி வந்து கொடுத்தாராம். பாய் எதையும் கேட்கவில்லை, படிக்கவும் இல்லை. கையோடு அவரைப் பக்கத்து மருந்துக்கடைக்கு இழுத்துப்போனேன்.

ஃபார்மசிஸ்ட் ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். விழுங்கும்போது அடைக்கிறதா, எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா, வலி கைக்குப் பரவுகிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா... வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் பாய்.

"இதை எப்போ போட்டீங்க அங்கிள்?"

"எரியும்போதுதாம்மா."

"அதான் ப்ராப்ளம். இது எரியறதை உடனே அணைக்கிற மருந்து இல்ல. ஆசிட் சுரக்கறதையே குறைக்கிறது. டெய்லி மார்னிங், பிரேக்ஃபாஸ்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு. ஃபோர்ட்டீன் டேய்ஸ். முதல் சில நாள் பொறுமையா இருங்க."

அதற்கும் சரியாகாவிட்டாலோ, சரியாகித் திரும்ப வந்தாலோ, இஷ்டத்துக்கு அடுத்த டப்பா வாங்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

பாய் முணுமுணுத்துக்கொண்டேதான் புது டப்பாவை வாங்கினார். ஐந்தாம் நாள் போன் வந்தது. நேற்று எரியவில்லையாம். நம்ப முடியாத குரலில் சொன்னார். பத்தாம் நாள் சட்டைப்பையில் சப்புகிற மாத்திரையே இல்லை.

பதினைந்தாம் நாள் நான் போனபோது தட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றார். பாய் ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். போச்சு, எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"நூரு, உப்பு எங்கே?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அக்காவுக்கு பிளட் பிரஷர். டாக்டர் சொன்னதால் உப்பைக் குறைத்தவருக்கு நாக்கும் அதற்கே பழகிவிட்டது. எட்டு மாதமாகக் கடையே அக்காவின் பத்தியச் சாப்பாட்டில் ஓடியிருக்கிறது!

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். தட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த சட்டிக்குத் தானே உப்புப் போட்டார். நான் வாட்ஸ்அப்பில் பழைய கூட்டத்துக்குச் செய்தி அனுப்பினேன். போன சனிக்கிழமை கடையில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. இருபது நிமிடம் வாசலில் நின்றேன் – ரொம்ப சந்தோஷமாக.

புது போன் வாங்கினால் பத்து வீடியோ பார்க்கிறோம். வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்க மாட்டோமா?

மாத்திரை போட வாயைத் திறப்பதற்கு முன்னால், கேள்வி கேட்க ஒரு தடவை திறங்கள்.