வந்த வருஷம்

கோடைக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் ஊர் நூலக அறையின் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைந்தேன். மேல் வரியில் தலைப்புகள்: கொள்கையின் பெயர், சொத்து யாருடையது என்று அது சொல்கிறது, அரசு என்ன செய்ய வேண்டும் என்கிறது, யாரை முன்னே நிறுத்துகிறது, யாரை எதிரி என்கிறது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தாராளவாதம், பழமைவாதம், சோசலிசம், கம்யூனிசம், பாசிசம். நிரப்ப இருபது கட்டங்கள். முக்கால் மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். அரசியல் என்பது இவ்வளவுதான் என்றொரு நிறைவு அன்று எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது.

நான் அரசியல் படித்தவள் அல்ல. சேலத்தில் பொறியியல் படித்தேன். பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். தாறுமாறாக வரும் தகவல்களைச் சுத்தம் செய்து வரிசைப்படுத்துவது என் வேலை. எங்கள் ஊர் ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் பஸ் நின்று போகிற சின்ன ஊர். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமைகளில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

அவர்களில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், காபி எஸ்டேட்டில் வேலை செய்பவர். நின்றுபோன படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் முடித்தவர். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், அதில் கொஞ்சம் கிண்டலும் இருக்கும். அன்று சோசலிசத்துக்கு நேராக “உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமை” என்று எழுதியதும் கையைத் தூக்கினார்.

“சாதனம்னா என்னங்க டீச்சர்?”

“ஒண்ணை உற்பத்தி பண்ண வேண்டியதெல்லாங்க்கா. நிலம், மெஷின், அந்த மாதிரி.”

“அப்ப எங்க எஸ்டேட்டுல செடி ஓனரம்மாளுது, பழம் ஓனரம்மாளுது, காயப்போடற களமும் ஓனரம்மாளுது. முதுகுவலி மட்டும் எங்களுது. அது எந்தக் கட்டத்துலீங்க வரும்?”

அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அட்டவணையின் அடியில் முதலாளித்துவம் என்று இன்னொரு வரி சேர்த்தேன். பாசிசத்தை அடுத்த மாதம் விரிவாகப் பார்க்கலாம் என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

மார்ச் மாதம் தண்ணீர் குறைந்தது. எங்கள் ஊருக்கு ஒரே தொட்டி. காலையில் தெருக்குழாயைத் திறப்பார்கள். வீட்டுக்குப் பத்துக் குடம். யார் முதலில் பிடிப்பது என்று தினமும் சண்டை. தண்ணீர்க் கமிட்டிக்குத் தலைவர் என் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

“கண்ணு, இந்த வரிசையை நீ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துரு சாமி. நான் நோட்டுல எழுதுனா அடிச்சுக்குவாங்க. கம்ப்யூட்டர்ல வந்ததுன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது. எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துவது என்று கேட்டேன்.

“ஊருக்கு எப்ப வந்தாங்கன்னு கேட்டுக்க. முன்னாடி வந்தவங்களுக்கு முன்னாடி. இதுல என்ன இருக்குது?”

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது என் தொழிலிலும் உள்ள விதிதான். அதனால் அது எனக்கு நியாயமாகவே பட்டது. வீட்டுத் தலைவர் பெயர், எத்தனை பேர், சிறுகுழந்தைகள் உண்டா, வந்த வருஷம் என்று நான்கு கேள்விகள் வைத்து ஒரு படிவம் செய்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

ஊரில் நாற்பத்து நான்கு வீடுகள். முப்பத்து மூன்று எங்களவர்கள் வீடு. மலையிலேயே பல தலைமுறையாகத் தினையும் ஆரஞ்சும் காபியும் பயிர் செய்கிறவர்கள். மீதிப் பதினொன்று, எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் இருந்துவிட்டு, பிறகு ஊரின் கீழ்க்கோடியில் சொந்தமாகக் கட்டிக்கொண்டவர்கள். அந்த அக்காவின் வீடு அதில் ஒன்று. பதினொரு வீட்டுக்காரர்களும் நான்கு கேள்விக்கும் பொறுப்பாகப் பதில் எழுதியிருந்தார்கள். அந்த அக்கா போனிலும் கூப்பிட்டுக் கேட்டார்: “மலைக்கு வந்த வருஷமுங்களா, இந்த ஊருக்கு வந்த வருஷமுங்களா?” இந்த ஊருக்கு என்றேன். எங்களவர்கள் ஒருவர்கூட அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. என் அப்பாவிடம் கேட்டேன். “நாம எங்கிருந்தும்மா வந்தோம்? இங்கதான இருக்கறோம்” என்றார்.

வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். காலியாக விட்ட கட்டங்களை அந்த மென்பொருள் எப்போதும் கடைசியில்தான் வைக்கும். பதினொரு வீடுகள் மேலே வந்து நின்றன. எங்கள் வீடு, சித்தப்பா வீடு எல்லாம் அடியில் கிடந்தன. சித்தப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏங் கண்ணு, ஊரே தலைகீழா நிக்குது?”

நானும் சிரித்தேன். “ஒரு நிமிஷம் சித்தப்பா, சரி பண்ணிடறேன்” என்று சொல்லி, காலியாக இருந்த முப்பத்து மூன்று கட்டங்களிலும் ஒரே தடவையில் பூஜ்யம் போட்டேன். மறுபடி அழுத்தினேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எங்களவர்கள் மேலேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் வருஷங்கள் வந்தன. கடைசியாகக் குடிவந்த அந்த அக்காவின் வீடு நாற்பத்து நான்காவது.

இதைச் செய்தபோது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் பாடுகிறார்கள், நாங்கள் காஞ்சியிலிருந்து சாமியை முதுகில் சுமந்துகொண்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதையை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். வந்ததைப் பெருமையாகப் பாடுகிற ஜனங்கள்தான் வந்த வருஷம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டோம். காலியாக விட்டது அவர்கள். பூஜ்யம் போட்டது நான்.

மறுநாளிலிருந்து அந்த வரிசைப்படியே தண்ணீர் பிடித்தார்கள். முப்பத்தைந்து வீடு தாண்டுவதற்குள் தொட்டி வற்றிவிடும். மிளகு பறிக்கிற நேரம் அது. எஸ்டேட்டில் பேர் கூப்பிடுவதற்குள் போய் நிற்க வேண்டும். அதற்கு முன்பே அந்த அக்கா எங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளத்து ஓடைக்கு இறங்கி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து எங்கள் கேட்டைத் தாண்டி ஏறி வருவதை என் மேஜையிலிருந்தே பார்ப்பேன். எவ்வளவு சுறுசுறுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். இதற்கிடையில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தரப்போவதாகப் பஞ்சாயத்தில் சொன்னார்கள். முதல் கட்டத்தில் முப்பது வீடு மட்டும். யார் யார் என்று கேட்டபோது, தயாராக இருக்கிறதே என்று சித்தப்பா என்னுடைய பட்டியலையே கொடுத்துவிட்டார். இரண்டாம் கட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரம்தான் பாசிசம் பாடம். எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று இப்படி ஆரம்பித்தேன்: “முதல்ல ஒரு ‘நாம’ வேணும். அப்புறம் ஒரு ‘அவங்க’. ‘நாம’ எப்பவும் இங்கயே இருந்தவங்க. ‘அவங்க’ வெளியிலிருந்து வந்தவங்க.” கையில் சாக்பீஸோடு நான்தான் சொன்னேன். சொன்னது என் காதுக்கே எட்டவில்லை.

அக்கா கையைத் தூக்கினார். “ஒரு சந்தேகமுங்க டீச்சர். தண்ணி லிஸ்ட்டுல எங்க ஊட்டுக்கு நேரா வருஷம் போட்டிருக்குது. உங்க ஊட்டுக்கு நேரா சைபர் போட்டிருக்குது. சைபர்னா என்னங்க அர்த்தம்?”

“அது வரிசைப்படுத்தறதுக்காகக்கா. காலியா விட்டா சாப்ட்வேர்ல கீழ போயிடும்.”

“கீழ போனா என்னங்க? நாங்க போகலீங்களா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் விடவில்லை.

“எங்க மாமனாரோட அப்பாவே இந்த மலையில பொறந்தவருங்க. நம்மூருக்கு வர்ற பஸ்ஸுல போர்டு பாத்திருக்கீங்கல்ல? வாழ வந்தின்னுதான எழுதியிருக்குது. இங்கயே இருந்தின்னா எழுதியிருக்குது?”

எங்களவர் வீட்டுப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நிதானமாகப் பதில் சொன்னேன். பாசிசம் என்றால் அரசு அதிகாரம் வேண்டும், கேள்வி கேட்க முடியாத ஒற்றைத் தலைவர் வேண்டும், எதிர்ப்பவர்களை ஒடுக்கும் வன்முறை வேண்டும். ஓர் ஊரின் தண்ணீர் முறைப் பட்டியலை அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் பயன்படுத்தினால் அதன் கனம் போய்விடும். சொன்னது அத்தனையும் சரி. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பட்டியலைப் பாசிசம் என்று அவர் சொல்லவே இல்லை. பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் என்றுதான் கேட்டார்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டார். அவர் பெஞ்சைக் கடக்கும்போது நோட்டைப் பார்த்தேன். ‘தண்ணீர்ப் பட்டியல் – பாசிசம் அல்ல’ என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.

மறுநாள் சித்தப்பா வீட்டுக்குப் போய், வந்த வருஷத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“யாரு என்ன சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. நாமளும் காஞ்சியிலிருந்து வந்தவங்கதான சித்தப்பா?”

“அது சாமியோட வந்தது கண்ணு. அது வேற.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒனக்கு உறுத்தலா இருந்தா அந்தக் கட்டத்த எடுத்துரு. வரிசை மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

எடுத்துவிட்டேன். ஒரு நொடி வேலை. வருஷங்களும் போயின, பூஜ்யங்களும் போயின, ஒன்றிலிருந்து நாற்பத்து நான்கு வரை வரிசை மட்டும் நின்றது. முன்பாவது பார்க்கிறவருக்குக் காரணம் தெரிந்தது. இப்போது எதை வைத்துக் கேட்பது என்றுகூட யாருக்கும் தெரியாது. இது தடயத்தை அழிக்கிற காரியம் என்று என் தொழிலில் இருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். புதுப் பிரதியைப் பஞ்சாயத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். பதினைந்து நாள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இந்தப் பதினைந்து நாளைப் பற்றித்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். பூஜ்யம் போட்டது யோசிக்காமல் செய்தது. இது யோசித்துச் செய்தது.

இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அக்கா ஒரு தாளை நீட்டினார். திங்கள்கிழமை சேலத்தில் கலெக்டரிடம் கொடுக்கப்போகிற மனு. பதினொரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“எழுத்துப்பிழை இருந்தா மட்டும் பாருங்க டீச்சர்.”

ஓர் இடத்தில் ‘ர’வுக்குப் பதில் ‘ற’ இருந்தது. வேறு பிழை இல்லை. கேட்டது என்ன, ஏன் கேட்கிறோம் என்பது நான் கற்றுக்கொடுத்த எந்தப் பாடத்தையும்விடத் தெளிவாக இருந்தது. ‘கமிட்டியார் தயாரித்த பட்டியல்’ என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

“கமிட்டி தயாரிக்கலீங்க்கா. நான்தான்.”

“அது தெரியாதுங்களா? உங்களப் போட்டா உங்க சித்தப்பா ஊட்டுக்கும் உங்களுக்கும் சண்டையாயிரும். அதான் விட்டுட்டேன்.”

எனக்கு எதிராக எழுத வேண்டிய மனுவில் எனக்காக ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார். அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, பட்டியல் எப்படி உருவானது என்று நானே ஒரு தாளில் எழுதி இணைப்பதாகச் சொன்னேன். எழுதியதை அவர் வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

“‘வெற்றிடங்களில் பூஜ்யம் இடப்பட்டது. அதன் அடிப்படையில் வரிசை அமைக்கப்பட்டது. பின்னர் அந்தப் பகுதி நீக்கப்பட்டது.’” நிமிர்ந்து பார்த்தார். “நொம்ப நல்லாருக்குதுங்க. ஆனா எல்லாமே தானா நடந்த மாதிரியே இருக்குதே? யாருங்க இட்டது?”

தாளை வாங்கி மூன்று வரிகளையும் அடித்தேன். நான் பூஜ்யம் போட்டேன், நான் வரிசைப்படுத்தினேன், நான் நீக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று சின்ன வாக்கியங்கள்.

மனுவின் மேல் விசாரணை நடந்து, பட்டியல் பஞ்சாயத்திலிருந்து திரும்பி வந்தது. தொட்டியிலிருந்து குழாய் போகும் வழியில் வீடுகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் இணைப்பு என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மெயின் குழாய் கீழ்க்கோடி வழியாக வருவதால் அந்த அக்காவின் வீட்டுக்கு ஆறாவது எண். எங்களுடையது இருபத்தெட்டு. சித்தப்பா வீடு முப்பத்தாறு, முதல் கட்டத்துக்கு வெளியே. “நம்ம புள்ளையே நம்மளக் காட்டிக் குடுத்துருச்சு” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்காவின் வாசலில் குழாய் போட்ட அன்று நான் அங்கே போகவில்லை. போய் நின்றால் நன்றியை எதிர்பார்த்து வந்தவள் போல இருக்கும். அவரும் நன்றி சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “இன்னிக்கு எதுங்க டீச்சர்?” என்றார். கரும்பலகையில் கட்டம் போடாமல், முதல் தடவையாக, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன்.