செங்கோடனின் ரம்பத்தில் வெட்டிய தகடு

மிக்கேலுக்கு முப்பத்தாறு வயதாகும்வரை மரத்தை வழவழப்பாக்க மூன்று வழிகள்தான் தெரியும். இழைப்புளி, உடைந்த கண்ணாடிச் சில்லு, கடைசியாக உப்புத்தாள். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்புறம் தோமினிக் என்பவர் நடத்திய மேஜை நாற்காலிப் பட்டறையில் அவன் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தான். தேக்கும் மாவும் இழைப்புளிக்குப் பணிந்து போகும். வாகைதான் பகை. ஒரு பக்கம் நார் மேலேறும், அடுத்த விரற்கடையில் கீழே இறங்கும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் எங்காவது ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

பிய்ந்த இடங்களைத் தேய்த்துச் சமன் செய்வது முத்தாயம்மாளின் வேலை. அவள் புருஷன் செங்கோடன் மிக்கேலுக்குப் பக்கத்து மேடையில் நின்று வேலை செய்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். தோமினிக் இரக்கப்பட்டு அவளை உப்புத்தாள் போடும் வேலைக்கு வைத்துக்கொண்டார். காலையிலிருந்து மாலைவரை பலகை மேல் குனிந்து தேய்ப்பாள். மூக்கிலும் புருவத்திலும் மரத்தூள் படிந்திருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அவள் செங்கோடனின் ரம்பத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்து மிக்கேலிடம் கொடுத்தாள். நல்ல சீமை ரம்பம். செங்கோடன் அதை யாரையும் தொடவிட்டதில்லை.

"ஊட்டுல கெடந்தா துருப்புடிச்சுருமுங்கண்ணா. கண்ணுல படறப்பெல்லாம் எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆயிருதுங்க. நீங்க எண்ண போட்டு வெச்சிருங்க. எப்பவாச்சும் வேணும்னா வந்து கேட்டுக்கறேன்."

"வெச்சிருக்கறன் அம்மிணி. இது எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றான் மிக்கேல். அந்தப் பேச்சு அன்றைக்கு உண்மையாகத்தான் இருந்தது. ரம்பம் அவன் வீட்டுச் சுவரில் ஒன்றரை வருஷம் தொங்கியது. மாதம் ஒரு முறை எண்ணெய் தடவினான்.

முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய காளியப்பன் என்ற தச்சன், ஜங்ஷனில் ரயிலைத் தவறவிட்டுப் பட்டறைப் பக்கம் வந்தான். மிக்கேல் வாகைப் பலகையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை எடுத்தான். பிடி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஓலைக் கிழிசல் மாதிரி ஒரு தகடு. இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரல்களால் நடுவில் அழுத்தி லேசாக வளைத்து, முன்னால் தள்ளினான். பிய்ந்திருந்த இடத்திலிருந்து வெங்காயச் சருகு போலச் சுருள் சுருளாக மரம் எழுந்து வந்தது. மிக்கேல் தடவிப் பார்த்தான். கண்ணாடியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"இதுக்கு எப்படிங்க கூர் வெக்கறது?"

"அரம் போட்டா மட்டும் பத்தாது. ஓரத்த மடிக்கோணும்" என்றான் காளியப்பன். அதற்குள் அடுத்த வண்டியின் மணி கேட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

அந்த அரைப் பேச்சு மிக்கேலைப் பிடித்துக்கொண்டது. பெட்டித் தகரத்தை வெட்டிப் பார்த்தான், வளைந்து போயிற்று. வண்டிச் சக்கரப் பட்டையில் துண்டு எடுத்துப் பார்த்தான், தடிமன் அதிகம், வளையவே இல்லை. காளியப்பன் கையிலிருந்தது ரம்ப இரும்பு என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் இருந்த ஒரே ரம்பம் அன்றாடம் சோறு போடுவது. சுவரில் இன்னொன்று தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், மனைவி சகாயம்மாள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் அதை இறக்கினான். மூக்கு நுனியில் நாலு விரல் மட்டும்தான், அவ்வளவு குறைந்தாலும் ரம்பம் ரம்பம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அரத்தால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, பலகைகளுக்கு நடுவில் இறுக்கி, ஒரே தட்டு. 'டக்' என்று முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

முதல் துண்டுக்கு உளிக்கு வைப்பதுபோலச் சாய்வாகக் கூர் வைத்தான். அது மரத்தில் கடித்துக் கோடு கோடாகக் கீறியது. சரி, சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பார்ப்போம் என்று பிடித்தான். ஓரம் நீலம் பாரித்து இரும்பின் வீரியமே போய்விட்டது. இரண்டாவது துண்டு வெட்டினான். மடிக்க வேண்டும் என்று சொன்னானே என்று குறடால் ஓரத்தைப் பிடித்து மடக்கினான். விண்டுபோயிற்று. மூன்றாவதின் ஓரத்தை நேராக அராவி, தீட்டுக்கல்லில் தேய்த்து, சதுரமாக்கினான். அது மரத்தை வெட்டவில்லை, தூளாகத்தான் உதிர்த்தது. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் ரம்பம் நாலு விரல் குட்டையானது. மூன்றாவது துண்டு போனபிறகு, அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நிறுத்துவதற்கும் காரணம் இல்லாமல் போயிற்று.

வழி கிடைத்தது அடுப்படியில். சகாயம்மாள் புதிதாக வாங்கிய தகரக் குவளையின் விளிம்பு கையைக் கிழிக்கிறது என்று, கரண்டியின் முதுகை விளிம்பில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பாருங்க, உள்பக்கம் வழுவழுன்னு ஆயிருச்சு. ஆனா வெளிப்பக்கம் சுரண்டுது" என்றாள்.

மிக்கேல் குவளையை வாங்கி விரலால் தடவினான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. மடிப்பது என்றால் இதுதான்!

நாலாவது துண்டை வெட்டினான். அரத்தால் ஓரத்தைச் சதுரமாக்கினான். தீட்டுக்கல்லில் ஓரத்தையும் இரண்டு பக்கங்களையும் தேய்த்தான். வட்ட உளியின் முதுகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதலில் தகட்டைப் படுக்க வைத்து அழுத்தி இழுத்தான். பிறகு நிமிர்த்திப் பிடித்து, உளியை ஒரு மயிரிழை சாய்த்து, ஓரத்தின் நீளத்துக்கும் நாலைந்து முறை ஓட்டினான். விரலால் தடவியபோது பிசிறு பட்டது. வாகைப் பலகையில் வைத்துத் தள்ளினான். சுருள் வந்தது. அரைமணி நேரம் தள்ளினான், கட்டைவிரல்கள் சூட்டில் கொப்பளிக்கும்வரை.

அந்த மாதம் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போகவேண்டிய வாகை அலமாரியைத் தோமினிக் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "டேய் மிக்கேலு, இதுக்கு உப்புத்தாளே வேண்டாம் போல இருக்குதே!"

அந்த வார்த்தையில் ஒளிந்திருந்தது என்ன என்று மிக்கேலுக்கு உடனே உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தோமினிக் முத்தாயம்மாளைக் கூப்பிட்டு, தேய்ப்பு வேலை குறைந்துவிட்டது என்றும், பாலிஷ் போடுகிற நாள் மட்டும் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார். அவள் "சரிங்க மொதலாளி" என்றாள். மிக்கேல் தலையைத் தூக்கவில்லை. கையில் தகடு இருந்தது. சேலையை உதறிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டும்வரை ஏற்கெனவே வழவழப்பாக இருந்த இடத்தையே சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவள் ஆட்டையாம்பட்டிக்குப் போய் உறவுக்காரர் தறிக்கு நூல் சுற்றினாள். ஆறேழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். முன்னைவிட ஒடுங்கியிருந்தாள்.

"அவிய ரம்பத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்கண்ணா. வாழப்பாடில ஒரு ஆசாரி, ரம்பத்தைக் குடுத்தா ஒரு வெள்ளாடு தாரேன்னு சொல்றாருங்க. ஒரு ஆடு இருந்தா எனக்குப் பொழப்பு ஓடிரும்."

மிக்கேலின் வாய் தானாகப் பேசியது. "அம்மிணி... அது காணாமப் போயிருச்சு. ஊட்டுத் திண்ணையில வெச்சிருந்தன். எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க மனசு சங்கடப்படாதீங்கண்ணா. களவு போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அன்றைக்குச் சகாயம்மாள் வைத்த சோற்றை அவனால் பிசைய மட்டும்தான் முடிந்தது. தகட்டை எடுக்கும்போதெல்லாம், அதன் ஒரு ஓரத்தில் அராவாமல் விட்ட ரம்பப் பல் ஒன்று கண்ணில் பட்டது. அதை அராவி எடுத்துவிடலாம். அதற்கும் கை வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனவன், திருடியதையும் பொய் சொன்னதையும் சாமியாரிடம் சொன்னான். அவர் கேட்டார்: "அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லீங் சாமி."

"அப்ப பாதிதான் ஆயிருக்குது. போய்ச் சொல்லிட்டு வா."

ஆட்டையாம்பட்டிக்கு நடந்தே போனான். முத்தாயம்மாள் தறிக்கூடத்தின் பின்னால் ராட்டை முன் உட்கார்ந்திருந்தாள். துணிப் பொட்டலத்தை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தான். நாலு தகடு. பிடியோடு ஒட்டிய ஒரு சாண் ரம்பம். நடந்ததைச் சொன்னான்.

அவள் ஒரு தகட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கேட்டது அவன் எதிர்பாராத கேள்வி.

"இத வெச்சுத்தானே உப்புத்தாள் வேண்டாம்னு சொன்னாங்க?"

"ஆமா அம்மிணி."

"அவிய ரம்பத்துலயே என்ர சோத்த அறுத்துப்போட்டீங்க."

மிக்கேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ராட்டை நின்றிருந்தது. உள்ளே தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் தகட்டை அவனிடம் நீட்டி, "இதை எப்படிப் புடிக்கறது? காட்டுங்க" என்றாள்.

"அம்மிணி?"

"காட்டுங்கன்னா. எனக்கு ஆடும் வேண்டாம், உங்க வருத்தமும் வேண்டாம். வேலை வேணும். மொதலாளிகிட்ட நீங்களே கேட்டு வாங்கிக் குடுங்க. ஆனா இந்தக் கதைய அங்க யாருகிட்டயும் சொல்லப்படாது. பாவப்பட்டவள்னு என்னைப் பாக்கறது போதும். வேலை தெரிஞ்சவளா வாரேன்."

தோமினிக் முதலில் சிரித்தார். பொம்பளை ஆயுதம் பிடிப்பதா என்றார். அவளுக்கு வேலை இல்லையென்றால் தனக்கும் வேண்டாம் என்று மிக்கேல் சொன்னபிறகுதான் சரியென்றார்.

அவளுக்குக் கூர் வைக்கக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. முதலில் உளியை அதிகம் சாய்த்து பிசிறை உடைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் தள்ளுவதில் அவளுக்குச் சொல்லவேண்டியதே இருக்கவில்லை. இரண்டு வருஷம் உள்ளங்கையால் தேய்த்தவள். எங்கே நார் ஏறும், எங்கே இறங்கும் என்று மரத்தைப் பார்க்காமலே அவள் கைக்குத் தெரிந்தது. ஒரு வருஷத்தில் மிக்கேலைத் தாண்டிவிட்டாள். அதற்குள் உலகச் சண்டை வந்திருந்தது. கடைகளில் உப்புத்தாள் கிடைக்காமல் போயிற்று. மற்ற பட்டறைகள் திண்டாடியபோது, தோமினிக் பட்டறை முத்தாயம்மாளை நம்பி ஓடியது. அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள்.

ஊர் மிக்கேலைப் புகழ்ந்தது. செத்துப்போன சிநேகிதனின் பெண்சாதிக்குத் தொழில் கொடுத்தவன் என்றது. புகழும்போதெல்லாம் உண்மையைச் சொல்ல வாயெடுப்பான். அவளுக்குக் கொடுத்த வாக்கு என்று விழுங்கிக்கொண்டான். ஐந்து வருஷம் விழுங்கினான்.

நாற்பத்து நாலில், கோயிலுக்குச் செய்த பீடத்தைக் கொண்டுபோய் நிறுத்திய அன்று பட்டறையில் எல்லோருக்கும் சாப்பாடு. புதிதாக வந்திருந்த சாமியார் இலைக்கு முன் உட்கார்ந்தபடி, "மிக்கேல் மாதிரி ஒரு மனுஷன் ஒவ்வொரு பங்குக் கோயிலுக்கும் வேணும்" என்றார். மிக்கேல் எழுந்துவிட்டான்.

"வேண்டாம் சாமி. நான் அந்த அம்மிணியோட ரம்பத்தைத் திருடி வெட்டினவன். களவு போச்சுன்னு பொய் சொன்னவன். அவ பொழப்பைக் கெடுத்ததே நான்தான்."

எல்லோரும் முத்தாயம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த இரக்கம் மிக்கேலுக்கும் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் அவள் வேண்டாமென்றது அதுதான். அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். தகட்டுக்குக் கூர் வைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "உங்க பாரத்தை எறக்கி என்ர தலைல வெச்சுட்டீங்க. நல்லாத் தூங்குனீங்களா?"

"இல்லை அம்மிணி."

"அப்ப எதுக்குச் சொன்னீங்க?"

மிக்கேல் தன் தகட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினான். சாமியாரிடம் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தான். உண்மையைச் சொன்னதைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

நாற்பத்தெட்டில் கண் மங்கி அவன் வேலையை விட்டான். கடைசி நாள் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது முத்தாயம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, உங்களுக்கு அது இன்னும் ஓயலீங்களா?"

"ஓயல அம்மிணி."

"எனக்கு ஓஞ்சு ரொம்ப வருசமாச்சுங்க. நீங்க என்னைப் பாக்கறப்பெல்லாம் உங்க மூஞ்சியப் பாத்து நானும் அத நெனைக்க வேண்டியிருக்குது. இனிமே தீவாளிக்கு என்ர ஊட்டுக்கு வாரப்ப, சும்மா வந்து பலகாரம் சாப்புட்டுட்டுப் போற மாதிரி வாங்க."

"வாரேன்" என்றான் மிக்கேல்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் போனான். சகாயம்மாளும் கூட வந்தாள். முத்தாயம்மாள் முறுக்கு வைத்தாள். அவன் மழையைப் பற்றியும் மரத்தின் விலையைப் பற்றியும் பேசினான். ஒரு மணி நேரம் அவள் முகத்தைப் பார்த்தே பேசினான். திரும்பி வரும்போது சட்டை முழுக்க வேர்த்திருந்தது. பரவாயில்லை, அடுத்த வருஷமும் போகவேண்டும் என்று சகாயம்மாளிடம் சொன்னான்.