இரண்டாவது கோப்பைக்கு உரியவள்

பெண் உரக்கப் பேசக் கூடாது, பொறாமை கொள்ளக் கூடாது, மாமியாரின் முகக்குறிப்பறிந்து நடக்க வேண்டும். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த அறிவுரைகளை, கொரியாவின் ஆன்டோங் மலைக் கிராமத்தில் பிறந்த சுல்லியே என்பவள் எழுத்தறியும் முன்பே மனப்பாடம் செய்திருந்தாள். மூத்த வீட்டு மருமகளாக வந்தபின் அவற்றை அவள் தானாக நினைவுகூரத் தேவை ஏற்படவில்லை. பிறர் அன்றாடம் நினைவூட்டினர்.

மாமியார் இறப்பதற்குச் சற்று முன்புதான் அரசு துக்கக் காலத்தை நூறு நாளாகச் சுருக்கியிருந்தது. கணவன் சாங்கியூ நூறாம் நாளே துக்க உடையைக் கழற்றி எரித்துவிட்டுச் சியோலுக்குப் புறப்பட்டான். சுல்லியே பழைய முறைப்படி மூன்றாம் ஆண்டு வரை, காலையும் மாலையும் மாமியாரின் படத்துக்கு முன் சோறு வைத்து அழுதாள். கண்ணீர் வராத நாளிலும் குரலெடுத்தாக வேண்டும், வழக்கம் அது.

பின்னர் ஓர் இலையுதிர்காலத்தில், மாமனாரின் திதிக்கு அவன் இன்னொருத்தியுடன் வந்திறங்கினான். படையலில் முதல் கோப்பை மதுவை மகன் வைப்பான். இரண்டாவதை வைப்பது அவ்வீட்டு மருமகள். இம்முறை அதைப் புதியவள் வைப்பாள் என்றான். சுல்லியே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதே அதன் பொருள். மாமனாரின் தம்பி தலைமையில் குலப் பெரியவர்கள் கூடத்தில் அமர்ந்தனர்.

"இவளுக்குப் பொறாமை, சித்தப்பா. சியோலுக்கே வந்து வாசல்ல நின்னு கத்தினா. பொறாமைக்காரிய அனுப்பிடலாம்னு நம்ம பெரியவங்களே எழுதி வச்சிருக்காங்கல்ல?" என்றான் சாங்கியூ.

அடுக்களையில் மீன் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த சுல்லியே, கரண்டியோடு நிலைப்படிக்கு வந்தாள்.

"அடுத்த வரியையும் சொல்லச் சொல்லுங்க மாமா. மாமனார் மாமியாருக்கு மூணு வருஷம் துக்கம் காத்தவள அனுப்பக் கூடாதுன்னும் எழுதியிருக்கு."

"துக்கம் நூறு நாள்தான். அதுக்கு மேல இவ செஞ்சது கணக்குல வராது. சட்டம் இருக்கு!"

கிழவர் நிமிர்ந்தார். அந்தச் சட்டத்தை ஒருநாளும் ஏற்காதவர் அவர். அண்ணிக்கு மூன்றாண்டுத் துக்கம் நடந்ததாக ஊரெங்கும் பெருமை பேசியவர். அண்ணன் மகன் சொல்வதை ஒப்புக்கொண்டால் அந்தப் பெருமையும் போய்விடும்.

"நூறு நாளா? உங்கம்மா என்ன பூனையாடா? அம்மாடி, உள்ள மீன் தீயுது பாரு. இறக்கி வச்சிட்டுக் கைய கழுவிட்டு வா. கோப்பைய நீதான் வைக்கணும்."

அவள் வைத்தாள். வந்தவர்கள் இருவரும் மறுநாள் முதல் பேருந்திலேயே போய்விட்டனர்.

பல்லாண்டுகளுக்குப் பின், தாய்கு நகர வங்கியில் வேலை பார்த்த மகள் மியோங்ஹா, தன் திருமணத்துக்கு முந்தைய வாரம் இக்கதையை மீண்டும் கேட்டாள்.

"நீயும் நூறு நாளோட நிறுத்தியிருந்தா, அம்மா?"

"நான்தான் பஸ் ஏறியிருப்பேன்."

"அப்போ அப்பா செஞ்சது தப்புன்னு யாருமே சொல்லலையே!"

செத்தவர்களுக்குச் சுல்லியே என்ன செய்தாள் என்று மட்டுமே அன்று கூடம் கேட்டது. உயிரோடிருந்த அவளுக்கு என்ன செய்யப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மணப்பெண்ணுக்குத் தாய் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும். சுல்லியே சொன்னாள்:

"வீட்டுப் பத்திரத்துல உன் பேரும் இருக்கட்டும். மாமியார் செத்தா, அழுகை வந்தா மட்டும் அழு."