நரிக்குத் திரை கட்டுகிறவர்

ஏணியின் உச்சிப் படியில் நின்றபடி, நாலைந்து பிளாஸ்டிக் கேபிள் டைகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, சதாசிவம் நரியின் மூக்கை மூடுகிறார். முதலில் மூக்கு, பிறகு கண், கடைசியில்தான் காது. இந்த ஒழுங்கு மாறாது. துணியின் கடைசி மூலையை இழுத்துக் கட்டுமுன் நரியிடம் ஒரு வார்த்தை சொல்லுவார்: "கோவியாதை என்ன, பின்னேரம் கழட்டி விடுறன்." கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கல்யாணசுந்தரத்துக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. "என்னாண்ணே, அதுக்குத் தமிழ் தெரியுமா?" என்பார். "இத்தினை வருசமாச் சொல்லுறன், இன்னும் விளங்காமலோ இருக்கும்?" என்று மேலிருந்து பதில் வரும்.

அந்த நரி, மேற்கு லண்டனில் உள்ள ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னம். மைதானம் அவர்களுடையது. சுவரில், கதவில், வீரர்கள் வெளியே வரும் வாசலுக்கு மேலே, எங்கு திரும்பினாலும் நரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மைதானத்தில் 'ஃபெரிமென்', அதாவது ஓடக்காரர், என்ற ரக்பி லீக் கழகம் வாடகைக்கு விளையாடுகிறது. இவர்களுடைய சின்னம் துடுப்பு. தன்னைப் பார்க்க ஆட்கள் வருகிற நாளில் வீட்டுக்காரனின் படத்தைக் காட்டிக்கொண்டிருக்க எவனுக்கு மனம் வரும், சொல்லுங்கள்? ஆகவே காலையில் நரிகளையெல்லாம் துடுப்புத் துணியால் மூட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கழற்ற வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, பசை நாடா ஒட்டக் கூடாது, சுவரில் ஒரு கீறல் விழக் கூடாது. சம்பளமில்லாத இந்த வேலையை வேறு எவரும் கேட்டதுமில்லை, சதாசிவம் எவருக்கும் விட்டுக் கொடுத்ததுமில்லை.

அவர் இந்த விளையாட்டுக்குள் வந்து விழுந்தது ஒரு தற்செயல். காவல் வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பனி ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அந்த மைதானத்து வாசலில் நிறுத்தியது. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது கட்டளை. மனுசன் அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டார். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை ஆறு தரம் மடக்கி விழுத்தினால், பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். "எங்கடை கிளித்தட்டு மாதிரித்தான். ஆனால் ஆளை விழுத்தலாம்," என்று இப்போதும் கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லுகிறார். கேட்கிறவர்கள்தான் அதிகம் இல்லை.

கிழமை நாட்களில் அவர் இல்ஃபோர்ட்டில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். ஜன்னலுக்குள் கைகள் வரும், சீட்டு வரும், கைகள் போய்விடும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிகிற அளவுக்கு எவருக்கும் அவரிடம் அலுவல் இல்லை. திங்கள் முதல் சனி வரை ஒருவரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத கிழமைகள் உண்டு. ஞாயிறு காலை மைதானத்து வாசலில் மாரீன், "ஸாடா!" என்று கத்துவாள். அவள் ரசிகர் சங்கத்துத் தலைவி, யோர்க்ஷயர்க்காரி, குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். பெயரைப் பாதியாய் முறித்துத்தான் கூப்பிடுகிறாள். இருந்தாலும் அதைக் கேட்கும்போது சதாசிவத்துக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த ஒரு கூப்பிடுதலுக்காகவே அவர் ஆறு நாளை ஓட்டுகிறார் என்று சொன்னால் பிழையில்லை.

இருப்பது செவன் கிங்ஸில், யோகலிங்கத்தின் வீட்டு மேல்மாடியில் ஒரு அறை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு அவருக்கு. வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்பு அவருக்கு. ஃபெரிமெனுக்கு நரியின் மைதானத்தில் ஒரு அலுமாரிகூடக் கிடையாது என்பதால், கழகத்தின் துணிகள் அத்தனையும் சதாசிவத்தின் கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் உறங்குகின்றன. ஞாயிறு தோறும் அவர் அதை உருட்டிக்கொண்டு ரயில் ஏறுவார். ஒரு தடவை மழையில் நனைந்த துணிகளை யோகலிங்கத்தின் குளியலறையில் காயப் போட்டது பெரிய கதையாகிவிட்டது.

"அண்ணை, உது என்ன, கொழும்புப் பெரிய பள்ளிக்கூடத்துப் பெடியள் விளையாடுற ரகர் எண்டுற ரக்பியோ?"

"அது பதினைஞ்சு பேர். இது பதின்மூண்டு."

"எத்தினை பேரெண்டாலும் என்ரை குளியலறையிலை விளையாடேலாது, கண்டியளோ."

வாடகைக்கு இருப்பவனுக்கு வாய் எதற்கு? சதாசிவம் துணிகளை எடுத்துப்போய்த் தன் அறைக் கதவில் தொங்கப்போட்டு, அவற்றுக்குக் கீழேயே படுத்துக்கொண்டார்.

சொந்த வீடு என்ற பேச்சு வந்தால் மட்டும் அவருக்கு வாய் வந்துவிடும். பிறந்தது அம்மாவின் சீதன வீடு. அது தங்கைக்குச் சீதனமாகப் போயிற்று. கலியாணம் கட்டிப் போனது மனைவி குணவதியின் சீதன வீடு. லண்டனில் இரண்டு வேலை செய்து குரோய்டன் பக்கம் வீடு வாங்கியபோது, "இருவர் பெயரிலும் எழுதலாமே," என்றார் வழக்கறிஞர். சதாசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீடெண்டால் பொம்பிளையின்ரை பேரிலைதான். இந்தாள் என்ன விசர்க் கதை கதைக்குது?" என்று குணவதியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல வருடம் கழித்து இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று ஆனபோது, சத்தம் சந்தடி இல்லாமல் அந்தச் சூட்கேசோடு வெளியே வந்தவர் அவர்தான். அவளுடைய வீடு, அவள் ஏன் போக வேண்டும்? குணவதிமேல் இன்றும் அவருக்குக் கோபமில்லை. தன்மேல்தான் கொஞ்சம் உண்டு.

அதனால்தான், ஃபெரிமெனுக்குச் சொந்த மைதானம் வேண்டும் என்று கழகத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார் அவர். கல்யாணசுந்தரம் இதில் நேர் எதிர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, ஹவுன்ஸ்லோவில் கணக்காளராக ஊன்றிவிட்ட மனிதர். எதையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவார். ஞாயிறு தோறும் ஏணியின் மேலும் கீழுமாக இந்த வழக்கு நடக்கும்.

"சொந்தமா எடுத்தா கூரை ஒழுகினா நாமதான் பாக்கணும், புல்லு செத்தா நாமதான் பாக்கணும். வருசத்துல எத்தனை நாளு விளையாடுறோம்? மிச்ச நாளெல்லாம் சும்மா கெடக்கும்லா. பங்கு போட்டுக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

"பங்கு எண்டு ஆர் சொன்னது, கணக்கர்? பங்கெண்டால் ரண்டு பேரின்ரை கையிலையும் கதவுத் திறப்பு இருக்க வேணும். எங்களிட்டை இருக்கோ? போன மாதம் அவங்களுக்கு மட்ச் வந்தவுடனை எங்களை எங்கை துரத்தினவங்கள்? பள்ளிக்கூடத்து வளவுக்கு! மட்ச் முடிஞ்சு பெடியள் குளிக்கப் போனால் சுடுதண்ணியை நிப்பாட்டுறாங்கள். கேட்டால் புல்லைக் கிழிச்சுப் போட்டியளாம்."

"எல்லாம் சரிண்ணே. ஆனா இடம் மலிவா கெடைக்கும்னு கெண்ட் பக்கம் போனா நான் வரமாட்டேன். அவ்வளவு தூரம் என்னால முடியாது. ஏணியை யாரு புடிப்பாங்க?"

"அதை அப்ப பாப்பம்," என்று சொல்லிவிட்டு அடுத்த நரிக்கு ஏணியை நகர்த்துவார் சதாசிவம்.

அந்த 'அப்ப', இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஓகஸ்டில் வந்து சேர்ந்தது. கெண்ட் எல்லையில், மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் விளையாட்டு மைதானம் விலைக்கு வந்தது. நரிக்காரர்களும் இன்னும் பத்து வருடம் இருந்துகொள்ளலாம் என்றார்கள். ஃபெரிமெனுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, அங்கத்தவர்களின் கழகம். ஆகவே ஆட்டம் முடிந்த ஒரு பின்னேரம், மைதானத்துக்கு எதிரே இருந்த பப்பின் மேல்மாடியில் எல்லாரும் கூடினார்கள்.

சதாசிவம் எழுந்து தன் ஆங்கிலத்தில் பேசினார். தான் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றிலும் தன் பெயர் இருக்கவில்லை என்றார். நம் பிள்ளைகள் சுடுதண்ணீருக்கு இன்னொருவன் முகத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். இலக்கணம் அங்கங்கே இடறியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு தடித்த மனிதர் கண்ணைத் துடைத்தார். "நல்லாத்தான் பேசினீங்கண்ணே. ஆனா என் ஓட்டு எதிர்தான்," என்றார் பக்கத்தில் இருந்த கல்யாணசுந்தரம்.

பிறகு மாரீன் ஒரு பெரிய வரைபடத்தைத் தூக்கிக் காட்டினாள். புதிய மைதானம். வாசலுக்கு மேலே, செங்கல்லிலேயே பதித்த துடுப்பு. "இனித் துணி வேண்டாம், ஏணி வேண்டாம். மழையில் நனைந்தது போதும், ஸாடாவுக்கு இனி ஓய்வு!" என்றாள். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பகீரென்றது.

இத்தனை நாள் கத்தினாரே, இதை ஒரு தடவையாவது யோசித்தாரா? இல்லை. செங்கல் துடுப்பை யாரும் காலையில் கட்ட வேண்டாம், பின்னேரம் கழற்ற வேண்டாம். கீழே நின்று அவரோடு வழக்காடக் கல்யாணசுந்தரம் வரமாட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமை ரயிலும் இல்லை. யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால் ஆயிரம் பேரில் ஒருவராய் உட்கார்ந்துவிட்டு வரலாம். வேலை இல்லாத இடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. எல்லா நாளும் இனிக் கூண்டு நாள்தான். ஆனாலும் சற்று முன்பு எழுந்து நின்று பேசிய அத்தனையும் உண்மை. அதில் ஒரு சொல்லைக்கூட அவரால் திருப்பி எடுக்க ஏலாது.

"சொந்த மைதானம் வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்," என்றாள் மாரீன். முதலில் உயர்ந்தது சதாசிவத்தின் கை. அவள் எண்ணி எழுதிக்கொண்டாள்.

"இங்கேயே இருப்போம் என்பவர்கள்?" கல்யாணசுந்தரத்தின் கை உயர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. அது தன்னுடையது என்று சதாசிவத்துக்கு உறைத்தபோது, மாரீனின் விரல் அந்த வரிசையைத் தாண்டிப் போய்விட்டது.

மாரீன் கூட்டிப் பார்த்தாள். ஆட்களை எண்ணினாள். மறுபடியும் கூட்டினாள். "இரண்டு பக்கமும் சமம். ஆனால் இங்கே இருக்கிற ஆட்களைவிடக் கை ஒன்று கூடுதல்," என்றாள். மாடி முழுக்கச் சிரிப்பு. "யாரோ இரண்டு தரம் தூக்கியிருக்கிறீர்கள். யாரென்று நான் கேட்கப் போவதில்லை. திரும்ப எண்ணுவோம். ஒரு ஆளுக்கு ஒரு கை."

சதாசிவத்துக்குக் காது சுட்டது. கல்யாணசுந்தரம் முகத்தைத் திருப்பாமலே மெல்லச் சொன்னார்: "பாத்தேண்ணே. பேசாம இந்தப் பக்கமே போடுங்க. நாம ரெண்டு பேரும் இப்படியே இருந்துக்கலாம்."

மாரீன் முதல் கேள்வியைக் கேட்டாள். சதாசிவம் கையைத் தூக்கினார், முன்னைப்போலவே உயரமாய். அவள் எண்ணி முடித்த பிறகு இறக்கினார். அடுத்த கேள்வி வந்தது. பக்கத்தில் கல்யாணசுந்தரத்தின் கை உயர்ந்தது. சதாசிவத்தின் வலக்கை முழங்காலைவிட்டு எழும்பத் தொடங்கியது. அவர் இடக்கையால் அதன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். பிடித்து, மடியோடு அழுத்தி, மாரீன் கடைசி வரிசைவரை எண்ணி முடிக்குமட்டும் விடாமல் வைத்திருந்தார்.