அமலராணியும் பாரம் கூடின சன்னமும்

"பொம்பிளைக்கு என்னத்துக்குத் துவக்கு?" என்று கேட்கிற யோகம்மா முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். அமலராணி ஆளைச் சுடவில்லை, கடதாசியைச் சுடுகிறாள். அறுநூறு மீற்றருக்கு அங்கால் நிற்கிற கடதாசி. அதற்குப் பொலிஸ் அனுமதி, டெனிஷ் மொழியில் பாடம், சோதினை, எல்லாம் முதல் தரத்திலேயே பாஸ். யோகம்மாவின் மருமகன் கார்ச் சோதினையை நாலாந்தரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டு வாய்தான் டென்மார்க்கின் இந்த எஸ்பியர்க் ஊர் முழுக்க நீளுகிறது.

"சனிக்கிழமையளிலை வெள்ளையளோடை திரியிறாளாம்" என்பது பூசை முடிந்து கோயில் வாசலில் கிடைக்கும் அடுத்த செய்தி. திரிகிறாளாம்! புருசன் யேசுரட்ணம்தானே காரில் கொண்டுபோய் விட்டு, முடியுமட்டும் குளிரில் நிற்கிறார். இந்த நாட்டில் வாய்க்கு மட்டும்தான் வரி இல்லை.

அமலராணிக்கு வேலை முதியோர் இல்லத்தில். காலையில் கிழவர்களுக்கு மருந்துக் குளிசை பிரித்துப் போடுகிற அதே கை, பின்னேரம் குசினி மேசையில் சன்னம் பிரிக்கும். சுட்டு வெறுமையான கோதுக்கு வெடிமருந்து போட்டு, தலையில் சன்னம் என்கிற குண்டை இறுக்கி, முழு ரவையையும் தானே செய்கிறவள் அவள். பெட்டியில் நூற்றைம்பத்தைந்து கிரெய்ன் என்று எடை எழுதியிருந்தாலும் நம்பமாட்டாள். சின்னத் தராசில் ஒவ்வொன்றாய் வைத்து, கிழமை நாள் எழுதின குளிசைப் பெட்டியில் எடைவாரியாய்ப் போடுவாள். "ஒரு பெட்டியிலை வந்ததெண்டு ஒரே குணமே? ஒரு வயித்துப் பிள்ளையளைப் பாருங்கோவன்." அந்த நேரம் ரெலிபோன் அடித்தால் எடுக்கமாட்டாள். அதற்கும் "பெருமை பிடிச்சவள்" என்று பேர் வைத்தாயிற்று.

பாரமான சன்னத்தில் அவளுக்கு ஆசை இல்லை. "என்ரை துவக்குக் குழல் பழசு. உள்ளுக்கிருக்கிற புரி சன்னத்தை மெதுவாத்தான் சுத்திவிடும். பாரம் கூடினால் சன்னம் நீளும். அதுக்கேத்த சுத்துக் கிடைக்காட்டி, ஓயப்போற பம்பரம் மாதிரித் தள்ளாடிப் போகும்."

யேசுரட்ணம் விடமாட்டார். "பாரம் கூடினால் காத்துக்கு அசையாதாமப்பா. சுடுற கழகத்து ஆக்கள் தெரியாமலே சொல்லுறாங்கள்?"

தாலிக்கொடியைக் கையில் தூக்கிப் பார்த்தே குடும்பத்துக்கு மதிப்புப் போட்டுப் பழகின சனம். சன்னத்தை மட்டும் வேறு கண்ணால் பார்க்குமா?

"இஞ்சேருங்கோ, இது உங்கடை அம்மா தூக்கிப் பாத்த கொடி இல்லை."

சுடும் கழகத்து அணித்தலைவன் ஹென்னிங் டெனிஷ்காரன். தாலிக்கொடியைக் கண்டறியாதவன், ஆனால் புத்தி அதேதான். நாலு பேர் அணிக்கும் நூற்றெண்பத்தைந்து கிரெய்ன் என்று சட்டம் போட்டான். அவனுடைய புதுக்குழலுக்கு அது சரி. உலகத்துக் குழல் எல்லாம் தன்னுடையது என்று நினைத்தால் என்ன செய்வது? அந்த அணியில் ஓரிடத்துக்காக அமலராணி மூன்று வருசம் மழையிலும் பனியிலும் குப்புறக் கிடந்து சுட்டுப் பழகினவள். இந்த வசந்தத்தில்தான் பட்டியலில் அவள் பேர் ஏறியது.

ஒத்திகை நாளன்று அவன் சொன்ன பாரத்திலேயே ஐந்து சுட்டாள். மூன்று சன்னம் கடதாசியையே தொடவில்லை. இரண்டு பக்கவாட்டில் கிழித்துப் போயிருந்தன. ஓட்டை வட்டமில்லை, சன்னம் படுத்துக்கிடந்த நீளம்.

"கை நடுங்கிவிட்டது, அமலா. பெண்களுக்குத் துவக்கின் உதை தாங்காது," என்றான் ஹென்னிங்.

அமலராணி புதுக் கடதாசி போட்டு, தன்னுடைய நூற்றைம்பத்தைந்தில் ஐந்து சுட்டாள். ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின.

"காற்று ஓய்ந்த அதிர்ஷ்டம். அணியில் எல்லோருக்கும் ஒரே சன்னம். சம்மதமென்றால் இரு," என்றான் ஹென்னிங்.

யேசுரட்ணம் காதுக்குள் கெஞ்சினார். "ஓமெண்டு சொல்லனப்பா. மூண்டு வருசம் பாடுபட்டனீ."

"நான் ஓமெண்டால் சன்னம் நேராப் போகுமே?"

கழக மண்டபத்தில் எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அமலராணி நேரே அறிவித்தல் பலகைக்குப் போனாள். அணிப் பட்டியலில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். பாரச் சன்னம் படுத்துக் கிழித்த கடதாசியை அந்தப் பட்டியலுக்கு மேலே வைத்து, அதே ஊசியால் குத்தினாள். துவக்குப் பையைத் தோளில் போட்டாள். கடற்கரைக் காற்றுக்கு ஒருவரும் திறந்துவிடாத கதவை அகலத் திறந்து, சாத்தாமலே வெளியே போனாள்.